நாட்பட்ட நுரையீரல் நோயும் ஊட்டச்சத்தும்

நாட்பட்ட நுரையீரல் நோயில் ஊட்டச்சத்து என்பது, நெடுங்காலம் நீடிக்கும் நுரையீரல் நோய்களுடன் வாழ்வோரின் உணவுத் தேவைகள், அவர்களுடைய உடல் எடை குறைவதற்கான காரணங்கள், அக்குறையை ஈடுசெய்யும் வழிமுறைகள் ஆகியவற்றை ஆராயும் மருத்துவப் பொருளாகும். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், காசநோய், காசநோய் குணமான பின்னரும் எஞ்சும் நுரையீரல் சிதைவு ஆகியன இதில் முதன்மையாகக் கருதப்படுகின்றன. நுரையீரல் நோயாளி மெலிவது நோயின் இயல்பு என்றும், அதற்குச் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்றும் நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. மெலிவு பெருமளவு சரிசெய்யத்தக்கது என்பதும், அதைச் சரிசெய்தால் நோயாளி உயிர்பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் இன்று அறியப்பட்டுள்ளன. இவ்வறிவு உருவானதில் சென்னை நகருக்குக் குறிப்பிடத்தக்க பங்கு உண்டு.

வடசென்னைப் பின்னணி

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய வடசென்னை, துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் தொழிற்சாலைகளும் நிறைந்த கடலோரப் பகுதியாகும். நிலக்கரி, இரும்புத்தாது போன்ற தூசு எழுப்பும் சரக்குகளைச் சென்னைத் துறைமுகத்தில் கையாள்வதைச் சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஆம் ஆண்டு தடை செய்தது. அதனைத் தொடர்ந்து அச்சரக்குகள் எண்ணூரில் உள்ள துறைமுகத்துக்கு மாற்றப்பட்டன. இராயபுரத்தில் தூசு குறைந்தது. எண்ணூரின் சுமை கூடியது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. அது மூடப்பட்ட பின்னரும் அப்பகுதியில் வேறு அனல்மின் நிலையங்கள் நிலக்கரியைக் கொண்டு இயங்கி வருகின்றன.

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் புகைபிடிப்போருக்கு மட்டுமே வருவதன்று. விறகு, வறட்டி ஆகியவற்றின் அடுப்புப் புகை, பணியிடத் தூசு, மாசடைந்த காற்று, முன்னர் வந்து குணமான காசநோய் ஆகியனவும் இந்நோய்க்குக் காரணமாகலாம். வடசென்னையை ஒட்டிய திருவள்ளூர் மாவட்டத்தின் ஊரகப் பகுதிகளில், புகைப்பழக்கம் இல்லாத 900 பெண்களிடையே மேற்கொள்ளப்பட்டு 2011 இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்களுள் 2.44 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பது கண்டறியப்பட்டது.

எடை குறைவதற்கான காரணங்கள்

நுரையீரல் நோயில் உடல் மெலிவது ஒரே காரணத்தால் நிகழ்வதில்லை. செலவு கூடுவதும் வரவு குறைவதும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன.

மூச்சுவிடுதலே ஓர் உழைப்பாகும். நலமுள்ளவர் மூச்சுவிடச் செலவிடும் ஆற்றல் மிகக் குறைவு; அதை அவர் உணர்வதும் இல்லை. மூச்சுக் குழாய்கள் சுருங்கிய நோயாளியின் மூச்சுத் தசைகளோ ஒவ்வொரு மூச்சுக்கும் பாடுபட வேண்டியுள்ளது. அத்தசைகள் நலமுள்ளவரைப் போல் பத்து மடங்கு வரை ஆற்றலைச் செலவிடக்கூடும் எனக் கணிக்கப்படுகிறது. நோயாளிகள் பலரிடம், ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் மொத்த ஆற்றலும் இயல்பைவிட 10 முதல் 20 விழுக்காடு கூடுதலாக உள்ளது. அதாவது நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒருவரின் உடல் உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கிறது.

நோயால் காற்று வெளியேற முடியாமல் நுரையீரல் உப்பிக் கொள்கிறது. அது உதரவிதானத்தைக் கீழ்நோக்கித் தள்ளுவதால் இரைப்பை விரிவதற்கான இடம் குறைகிறது. நோயாளி நான்கு கவளம் உண்டவுடனேயே வயிறு நிறைந்ததாக உணர்கிறார். மேலும், விழுங்கும் ஒவ்வொரு முறையும் மூச்சு நொடிப்பொழுது நிற்கிறது. மூச்சுக்கே தவிக்கும் ஒருவருக்கு இவ்விடைவெளியும் பெரிது. ஆகையால் உண்பதே களைப்பூட்டும் செயலாகிவிடுகிறது.

நோயினால் உண்டாகும் அழற்சி பசியைக் குறைப்பதோடு தசைப் புரதத்தையும் சிதைக்கிறது. இவற்றுடன் மனச்சோர்வு, சமைக்க இயலாமை, வேலையிழப்பால் வரும் வறுமை ஆகியனவும் சேர்கின்றன. சுமை தூக்கியோ வலை இழுத்தோ பிழைத்த ஒருவர் மூச்சுத் திணறலால் வேலையை விட்டால், நோயாளியின் தேவை கூடும் அதே காலத்தில் வீட்டின் வரவு குறைகிறது.

மெலிவின் விளைவு

உடல் மெலியும்போது கைகால் தசைகள் மட்டுமன்றி உதரவிதானம் உள்ளிட்ட மூச்சுத் தசைகளும் மெலிகின்றன. தசை மெலிந்தால் மூச்சுவிடுதல் மேலும் கடினமாகிறது. கடினமானால் உண்பது குறைகிறது. உண்பது குறைந்தால் தசை மேலும் மெலிகிறது. நோய் எதிர்ப்பாற்றலும் குறைவதால் நெஞ்சுச் சளித்தொற்று அடிக்கடி வருகிறது. ஒவ்வொரு தொற்றுக்குப் பின்னும் எடை சற்றுக் குறைந்து, பழைய நிலைக்குத் திரும்பாமல் போவதுண்டு.

உடல் எடையை உயரத்துடன் ஒப்பிட்டு அளக்கும் முறை உடல் நிறை குறியெண் எனப்படும். கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து இது கணக்கிடப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 1.60 மீட்டர் உயரமும் 42 கிலோ எடையும் உடைய ஒருவரின் குறியெண் 42 / 2.56 = 16.4 ஆகும். 18.5 க்குக் கீழ் இருந்தால் எடைக்குறைவு எனப்படுகிறது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் இவ்வெல்லை சற்று உயர்த்தப்பட்டுள்ளது. நோயாளியின் எதிர்காலத்தைக் கணிக்க 2004 இல் அறிமுகமான 'போட்' சுட்டெண், குறியெண் 21 அல்லது அதற்குக் கீழ் இருப்பதையே ஓர் இடர்க்காரணியாகக் கொள்கிறது. மூச்சுக் குழாய் அடைப்பின் அளவு, மூச்சுத்திணறல், ஆறு நிமிடத்தில் நடக்கும் தொலைவு ஆகியன அதன் மற்ற மூன்று கூறுகளாகும்.

உடல் பருத்தவர்களிடமும் தசை இழப்பு மறைந்திருக்கலாம் என்பதால் குறியெண்ணை மட்டும் நம்புவது போதாது. ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்கு எடை தானாகக் குறைந்திருந்தால், தொடக்க எடை எவ்வளவாக இருப்பினும் மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும். நெதர்லாந்தில் மேற்கொள்ளப்பட்டு 1998 இல் வெளியான ஓர் ஆய்வு, எடை கூடிய நோயாளிகள் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் உயிர்வாழ்ந்ததைக் காட்டியது. மெலிவு மாற்றத்தக்கது என்னும் கருத்து வலுப்பெற இவ்வாய்வு உதவியது.

சென்னை ஆய்வு

காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் நல்ல காற்று, ஓய்வு, செறிவான உணவு ஆகிய மூன்றுமே மருத்துவமாக இருந்தன. இதற்கெனவே சானடோரியங்கள் எழுந்தன. மருத்துவர் சௌரி முத்து 1928 இல் தாம்பரத்தில் நிறுவிய சானடோரியம் அவற்றுள் ஒன்று. அதன் பெயரிலேயே அங்குள்ள தொடர்வண்டி நிலையம் இன்றும் அழைக்கப்படுகிறது. ஆனால் நாட்டிலிருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன் சானடோரியப் படுக்கைகள் மிகச் சொற்பமே.

1956 இல் சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார அமைப்பு, பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியன இணைந்து இதனை நிறுவின. மருத்துவர் வாலஸ் பாக்ஸ் ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். நகரின் ஏழை நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினர். மற்றவர் தம் வீட்டிலேயே இருந்தனர். இரு பிரிவினருக்கும் ஐசோனியாசிட், பாஸ் என்னும் ஒரே மருந்துகள் ஓராண்டு வழங்கப்பட்டன.

சானடோரியத்தில் இருந்தவர்கள் சிறந்த உணவும் முழு ஓய்வும் பெற்றனர். அவர்களின் எடையும் கூடுதலாக ஏறியது. வீட்டில் இருந்தவர்கள் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்து, எளிய உணவையே உண்டனர். எனினும் ஓராண்டின் முடிவில், கிருமி நீங்கி நோய் தணிந்தவர்கள் சானடோரியப் பிரிவில் 92 விழுக்காடாகவும் வீட்டுப் பிரிவில் 86 விழுக்காடாகவும் இருந்தனர். 1959 இல் வெளியான இம்முடிவு, காசநோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்பதை உலகுக்குக் காட்டியது. 1961 இல் சி. வி. இராமகிருஷ்ணன் முதலானோர் இதே நோயாளிகளின் உணவை ஆராய்ந்து, முறையான மருந்து உள்ளபோது உணவின் வேறுபாடு நோய் தணிதலைத் தீர்மானிக்கும் காரணியாக இல்லை என்று எழுதினர்.

இம்முடிவைச் சரியாகப் புரிந்துகொள்ளுதல் இன்றியமையாதது. நல்ல உணவு கிடைக்காது என்பதற்காக ஏழைக்கு மருந்து மறுக்கப்படலாகாது என்பதே அது நிறுவிய உண்மையாகும். உணவு தேவையில்லை என்பதன்று. ஆயினும் அதன் பின்னர் பல பத்தாண்டுகள் காசநோய்த் திட்டங்கள் மருந்தையே மையமாகக் கொண்டிருந்தன; உணவு பின்னுக்குச் சென்றது.

இந்த மையம் சேத்துப்பட்டில் இயங்குகிறது. 2011 முதல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று அழைக்கப்படுகிறது.

ஜார்க்கண்ட் ஆய்வு

சென்னை நிறுவனமும் பங்கேற்ற மற்றோர் ஆய்வு, உணவு பற்றிய கேள்வியை மீண்டும் எழுப்பியது. 'ரேஷன்ஸ்' எனப் பெயரிடப்பட்ட இவ்வாய்வு, மருத்துவர் அனுராக் பார்கவா தலைமையில் 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடைபெற்றது. 2,800 காசநோயாளிகளுக்கு மருந்துடன் மாதந்தோறும் அரிசி, பருப்பு, பால்பொடி, எண்ணெய் ஆகியன அடங்கிய உணவுப் பொதி வழங்கப்பட்டது. அது நாளொன்றுக்கு 1,200 கிலோகலோரி ஆற்றலும் 52 கிராம் புரதமும் தருமாறு கணக்கிடப்பட்டிருந்தது. ஒரு பிரிவில் நோயாளியின் வீட்டில் உள்ள பிறருக்கும் உணவுப் பொருள் தரப்பட்டது. மற்றப் பிரிவில் தரப்படவில்லை.

2023 இல் வெளியான முடிவுகள் இருவகைப்பட்டன. முதலாவதாக, முதல் இரு மாதங்களில் எடை கூடிய நோயாளிகளிடையே இறப்பு குறைவாக இருந்தது. எடை 5 விழுக்காடு கூடியவர்களிடம் இறப்பின் இடர் ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்து காணப்பட்டது. 40 கிலோ எடையுள்ளவருக்கு 5 விழுக்காடு என்பது இரண்டே கிலோவாகும். இரண்டாவதாக, உணவு பெற்ற வீட்டாரிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. தொற்றக்கூடிய நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்துக்கொண்டால் இக்குறைவு 48 விழுக்காடு ஆகும்.

1959 ஆம் ஆண்டின் முடிவும் 2023 ஆம் ஆண்டின் முடிவும் முரண்பட்டவை அல்ல. கிருமியைக் கொல்வது மருந்து; மருந்து வேலை செய்து முடிக்கும் வரை உடலைத் தாங்குவதும், வீட்டாரைக் காப்பதும் உணவு.

மாவுச்சத்தா, கொழுப்பா?

உணவு உடலில் எரியும்போது ஆக்சிசன் செலவாகிக் கரியமில வாயு உண்டாகிறது. மாவுச்சத்து எரியும்போது செலவாகும் ஆக்சிசனும் வெளிப்படும் கரியமில வாயுவும் சம அளவின, இவ்விகிதம் 1.0 ஆகும். புரதத்துக்கு இது ஏறத்தாழ 0.8, கொழுப்புக்கு 0.7. கரியமில வாயுவை வெளியேற்ற இயலாத நுரையீரலுக்குக் கொழுப்பு மிகுந்த உணவே ஏற்றது என்ற கருத்து இதிலிருந்து பிறந்தது. 1980களில் இது பெரிதும் பேசப்பட்டது. இதற்கெனச் சிறப்பு ஊட்டப் பானங்களும் விற்பனைக்கு வந்தன.

பின்னர் வந்த ஆய்வுகள், கரியமில வாயு அளவுக்கு மீறி உயர்வதற்கு மாவுச்சத்தின் பங்கைவிட, தேவைக்கு மிகுதியாக ஒரே நேரத்தில் உணவு செலுத்துவதே முதன்மைக் காரணம் என்று காட்டின. ஆகையால் நோயாளி சோற்றைத் துறக்க வேண்டியதில்லை. சோற்றுடன் பருப்பும் எண்ணெயும் சேர்த்து, சிறிது சிறிதாகப் பலமுறை உண்பதே போதுமானது. ஒரு கிராம் மாவுச்சத்தோ புரதமோ 4 கிலோகலோரி தர, ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி தருகிறது. குறைந்த இடத்தில் நிறைந்த ஆற்றல் தருவதால், விரைவில் வயிறு நிறையும் நோயாளிக்கு எண்ணெயும் நிலக்கடலையும் பயனுள்ளவை.

புரதத் தேவை

நலமுள்ள ஒருவருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.8 கிராம் புரதம் போதுமானது. மெலிந்த நுரையீரல் நோயாளிக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை பரிந்துரைக்கப்படுகிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு இது 60 முதல் 75 கிராம் ஆகும்.

சோறும் ரசமும் மட்டும் உண்பவர் 250 கிராம் அரிசியிலிருந்து ஏறத்தாழ 19 கிராம் புரதமே பெறுகிறார். அத்துடன் 60 கிராம் துவரம்பருப்பு 13 கிராமும், இரண்டு முட்டைகள் 13 கிராமும், 300 மில்லிலிட்டர் பால் அல்லது தயிர் 10 கிராமும் சேர்க்கின்றன. இதன்மேல் 75 கிராம் மீனோ 50 கிராம் நிலக்கடலையோ சேர்ந்தால் மேற்கூறிய அளவை எட்டலாம். மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்கள் காசிமேட்டுச் சந்தையில் பெரிய மீன்களைவிடக் குறைந்த விலையில் கிடைப்பவை. புரதத்தில் அவற்றுக்குக் குறைந்தவை அல்ல. முள்ளுடன் உண்ணும் நெத்திலியிலிருந்து சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கிறது. கேழ்வரகு சுண்ணாம்புச்சத்து மிகுந்த மற்றொரு உணவாகும். ஸ்டீராய்டு மாத்திரைகளை நெடுநாள் உட்கொள்வோருக்கு எலும்பு தேய்வதால் இச்சத்து இன்றியமையாதது. அம்மாத்திரைகள் இரத்தச் சர்க்கரையையும் உயர்த்தக்கூடும்.

உணவு மட்டும் தசையை வளர்ப்பதில்லை. மருத்துவர் கூறும் நடை, கைகால் பயிற்சிகள் ஆகியவற்றுடன் சேரும்போதே உண்ட புரதம் தசையாகிறது.

உண்ணும் முறை

* மூன்று பெரிய வேளைகளுக்கு மாற்றாக ஐந்து அல்லது ஆறு சிறு வேளைகளாக உண்ணலாம். களைப்பு குறைவாக உள்ள நேரத்தில் முதன்மை உணவை வைத்துக்கொள்வது நல்லது.
* உண்பதற்கு முன் சிறிது ஓய்வு தேவை. மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலர் மருந்தை உணவுக்கு முன்னர் எடுத்துக்கொள்ளலாமா என மருத்துவரிடம் கேட்டறியலாம்.
* நிமிர்ந்து அமர்ந்து, மெதுவாக மென்று உண்ண வேண்டும். வீட்டில் ஆக்சிசன் பெறுவோர் உண்ணும்போது மூக்குக் குழாயைக் கழற்றலாகாது.
* கூழ், கஞ்சி, பருப்புச் சோறு, இட்லி போன்ற மென்மையான உணவுகள் மெல்லும் உழைப்பைக் குறைக்கின்றன. நீர்த்த கஞ்சியில் ஆற்றல் குறைவு. அதில் பாலோ, பொடித்த நிலக்கடலையோ, பயறோ சேர்த்தால் அதே குவளை கூடுதல் ஊட்டம் தரும்.
* உணவுக்கு முன் நிறைய நீர் அருந்தினால் வயிறு நிறைந்துவிடும். நீரை வேளைகளுக்கு இடையில் அருந்துவது நல்லது.

தவிர்க்க வேண்டியவையும் தவறான நம்பிக்கைகளும்

நுரையீரல் நோய் முற்றி இதயத்தின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டால் கால் வீக்கம் தோன்றும். அந்நிலையில் உப்பைக் குறைக்க வேண்டும். கடலோர வீடுகளில் கூழுக்குத் துணையாகும் கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியன உப்பு மிகுந்தவை.

காசநோய்க்கு ஐசோனியாசிட் மாத்திரை உண்போர் சூரை மீனைத் தவிர்ப்பது நன்று. இம்மீன் சரியாகக் குளிரூட்டப்படாவிட்டால் அதில் இசுட்டமின் என்னும் பொருள் பெருகுகிறது. அதனை உடல் சிதைக்கும் வழியை ஐசோனியாசிட் தடுப்பதால், உண்ட சிறிது நேரத்தில் முகம் சிவத்தல், தலைவலி, படபடப்பு ஆகியன தோன்றலாம். இலங்கையில் மருத்துவர் சி. ஜி. உறகொட இதனை 1970களில் விளக்கினார். அறிகுறிகளை மருந்தின் ஒவ்வாமை எனத் தவறாக எண்ணி மாத்திரையை நிறுத்திவிடுவதே இதில் பெரிய ஆபத்தாகும்.

பால், தயிர், வாழைப்பழம் ஆகியன குளிர்ச்சி என்றும், சளியைப் பெருக்கும் என்றும் பரவலாக நம்பப்படுகிறது. பால் சளி சுரப்பதைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அது எச்சிலுடன் கலந்து தொண்டையில் தடிப்பான உணர்வை உண்டாக்குவதே அவ்வாறு தோன்றக் காரணமாகிறது. பாலுக்கு ஒவ்வாமை உடையவர் தவிரப் பிறர் இவற்றை விலக்கினால், எளிதில் விழுங்கக்கூடிய மலிவான உணவுகளை இழக்கின்றனர்.

உதவித் திட்டங்கள்

காசநோயாளிகளுக்கு ஊட்டச்சத்துக்கென நடுவண் அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கி வந்தது. 2024 நவம்பர் முதல் இத்தொகை 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2022 இல் தொடங்கப்பட்ட காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோய் கண்டறியப்படும் நாளிலேயே மிகக் கடுமையான ஊட்டக்குறை, மூச்சுத்திணறல் முதலியவற்றைச் சோதித்து, அவ்வாறானோரை மருத்துவமனையில் சேர்க்க வழிசெய்கிறது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளுக்கு, காசநோயாளிகளுக்கு உள்ளது போன்ற தேசிய அளவிலான ஊட்டச்சத்து உதவித்தொகை இல்லை. நியாயவிலைக் கடைகளின் அரிசி, துவரம்பருப்பு, பாமாயில் ஆகியவையும், 2013 இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகங்களின் இட்லி, சாம்பார் சோறு, தயிர்ச் சோறு ஆகியவையும் அவர்களுள் வறியோருக்குத் துணையாகின்றன.

இராயபுரத்தை அடுத்துள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு வடசென்னை மக்களிடையே கஞ்சித்தொட்டி மருத்துவமனை என்ற பெயர் உண்டு. 1782 ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது பசித்தோருக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததே இம்மருத்துவமனை. அங்கு கஞ்சி முதலில் வந்தது. மருந்து பின்னர் வந்தது. இரண்டும் ஒருங்கே கிடைக்க வேண்டியவர்களுள் நாட்பட்ட நுரையீரல் நோயாளிகள் முதன்மையானோர் ஆவர்.